குக்கர் விசிலுக்குச் சொன்ன பதில்

கழுவித் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டு போனாய். இல்லை என்று நீ சாதிக்க முடியாது, ஏனென்றால் அதைச் சொன்னபோது உன் வாயில் இருந்தது ஜெசிந்தா வீட்டுச் சோறு, உன் விரலில் ஒட்டியிருந்தது அவள் வைத்த மீன் குழம்பு, நீ கை துடைத்தது செத்துப்போன அவள் புருஷனுடைய துண்டில். உன் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. திட்டுவதற்காகச் சொன்னாலும் அதையும் ஒரு விளம்பரமாகச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிற ஆள் நீ. பேர் இல்லாமலே உனக்குப் புரியும். உன் சட்டைப் பையைத் தொட்டுப் பார், புரியும்.

பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டி, கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துப் பேசிக்கொள்ளும் கேரேஜ் லைன் என்ற தெருவில், ஜெசிந்தா தானே சம்பாதித்துக் கட்டிய வீடு இருக்கிறது. ஏலத்தில் பழைய ஃபேன், தையல் மிஷின், கால் உடைந்த கட்டில் என்று குவியலாக எடுத்து, தட்டிக்கொட்டிச் சரிபண்ணி விற்கிற பிழைப்பு அவளுக்கு. பேரம் பேச உட்கார்ந்தால் எதிராளிக்கு நாக்கு வறண்டு, கடைசியில் அவனே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தலையாட்டுவான். மூடிப்போன ஒரு நடன கிளப்பின் சாமான்களை அவள் மொத்தமாக எடுத்த வருஷம், கிழிந்த திரைச்சீலைகளுக்குள் சுருண்டு கிடந்த டிரம்பெட் ஒன்றும் கூடவே வந்தது. விற்கிற பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா, அதற்காக ஊதினாள். அப்புறம் அதை விற்கவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, ரேடியோவில் கேட்டதும், கல்யாண பேண்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததும், உதடு வெடித்து ரத்தம் வந்ததும்தான் பாடம். கொஞ்ச வருஷத்தில், கிறிஸ்மஸ் நடனத்துக்கும் ஹோட்டல் மொட்டைமாடிக்கும் ஜாஸ் வாசிக்க ஆள் தேடுகிறவர்கள், கேரேஜ் லைனில் ஒரு பொம்பளை இருக்கிறாள், வாயாலும் அவளை ஜெயிக்க முடியாது, வாத்தியத்தாலும் முடியாது என்று சொல்லிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, வாசிக்கிற கூட்டம் அவள் வீட்டுக் கூடத்தில் உட்காரும். கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்ற டிரம்ஸ் பெனடிக்ட் வருவார். தன்னைவிட உயரமான டபுள் பாஸ் என்ற பெரிய பிடிலை ஆட்டோவில் குறுக்கே போட்டுக்கொண்டு மெக்கானிக் காதர் பாய் வருவார். கீபோர்டோடு நீ வருவாய், வருவாய் என்ன, மாடியிலிருந்து இறங்குவாய். ஒற்றைப் பையோடு ஊருக்கு வந்த உனக்கு மாடி அறையைக் கொடுத்து, தம்பி தம்பி என்று சோறு போட்டவள் அவள்தானே. அவரவர் வீட்டிலும் வாசிக்கப் போன இடத்திலும் பதிவு செய்த கேசட்டுகளைக் கொண்டுவருவார்கள். எதிலும் வாசிப்பு மட்டும் தனியாக இருக்காது. பாத்ரூமில் எதிரொலி நன்றாக இருக்கிறதென்று வாசித்ததில் பக்கெட் நிரம்பும், மொட்டைமாடியில் வாசித்ததில் காக்கா கத்தும், ஒன்றில் பெனடிக்ட் சம்சாரம், போதும் நிறுத்துங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

அந்தக் கூடத்துக்கு இரண்டு சட்டம் இருந்தது. கேசட் அதன் வீட்டு வாசற்படியைத் தாண்டி அந்தக் கூடத்துக்கு மட்டும்தான் வரலாம், அன்றைக்கே திரும்பிப் போய்விட வேண்டும், நகல் எடுக்கக் கூடாது; இது ஒன்று. ஓடவிடும் முன் அதன் கதையைச் சொல்ல வேண்டும், அதையும் வாசித்தவன் சொல்லக் கூடாது, பட்டனை அமுக்கிப் பதிவு செய்தவன்தான் சொல்ல வேண்டும், இது இன்னொன்று. வாசித்தவனுக்குத் தன் விரல் மட்டும்தான் ஞாபகமிருக்கும், பட்டனை அமுக்கியவன்தான் சும்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவன் என்பது அவர்கள் கணக்கு.

"அரக்கோணத்துல ஒரு ரிசப்ஷன்" என்று பெனடிக்ட் ஆரம்பிப்பார். "மாப்பிள்ளை பின்வழியா ஓடிட்டான். பொண்ணோட அப்பா மேடைக்கு வந்து, நிறுத்தாதீங்க, நிறுத்துனா ஜனங்களுக்குத் தெரிஞ்சிடும்னு கெஞ்சறாரு. பாய் வாசிக்கிறாரு, வாசிக்கிறாரு, விரல் பிஞ்சி போச்சு. கடைசில மாப்பிள்ளை திரும்பி வந்துட்டான்."

"மனசு மாறிடுச்சா?" என்று நீ கேட்பாய்.

"ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுச்சாம். இவ்ளோ கேவலமா வாசிக்கிறவன் மூஞ்சிய பாத்துட்டுப் போலாம்னு வந்தானாம்."

"பட்டன அமுக்குனவன்தான் கதை சொல்லணும்னு சட்டம் போட்டவன் எவனோ, அவன உதைக்கணும்" என்பார் காதர் பாய். அப்புறம்தான் கேசட் ஓடும்.

ஜெசிந்தாவின் கேசட்டுகளுக்கெல்லாம் பட்டனை அமுக்கியவர் அவள் புருஷன் அருமைநாயகம். வேகன் பட்டறையில் ஃபிட்டர். இரும்படித்த காதுக்குத் தாலாட்டும் ஒன்றுதான், தண்டவாளமும் ஒன்றுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். சுதி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவள் உதட்டில் வாத்தியத்தை வைக்கும் விதத்தைப் பார்த்தே, இது சும்மா ஊதுவது, இது வேறு என்று கண்டுபிடித்து, வேறு என்று தோன்றினால் ஓடிப்போய் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைப்பார்.

நீ வாங்கிக்கொண்டு போன அந்தக் கேசட்டும் அப்படிப் பிறந்ததுதான். காலை நேரம், சமையற்கட்டு, அடுப்பில் பருப்பு. முதலில் அவர் குரல் வரும்: "சிவப்பு லைட்டு எரியுது ஜெசி. ஓடுதுன்னுதான் நினைக்கிறேன். ஊது நீ. குக்கர நான் பாத்துக்கறேன்." பட்டறைத் தூசு ஏறிய ஒரு இருமல். அப்புறம் டிரம்பெட். தாழ்ந்து, நடந்து, திண்டாடி, எங்கே போவதென்று தெரியாமல் அது நின்ற இடத்தில் குக்கர் விசில் அடித்தது, நீளமாக, உச்சியில். கண்ணை மூடியிருந்த ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்வது போல ஒரே தாவலில் அந்த உச்சிக்கு ஏறி, விசிலோடு விசிலாகக் கொஞ்ச நேரம் நின்று, சிரித்துக்கொண்டே படிப்படியாக இறங்கினாள். பின்னால் அவர் சிரிப்பும், அடுப்பை அணைக்கும் சத்தமும் கேட்கும். அப்படி ஒரு தாவல் அவளுக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் அருமைநாயகம் போய்விட்டார். அந்த மழையில் தெருவெல்லாம் வெள்ளம் வந்து, கேசட்டும் நனைந்தது. உலர்த்தி எடுத்து, தனியாக உட்கார்ந்து அவள் போட்டுப் பார்த்தபோது, ஊதல் பிழைத்திருந்தது, விசில் பிழைத்திருந்தது, அவர் குரல் மட்டும் கொட்டுகிற மழைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போல இருந்தது. வீட்டில் அவருடைய குரல் வேறெங்கும் இல்லை. படம் எடுத்தவர்கள் இருந்தார்கள், குரலை எடுத்தவர் அவர் ஒருத்தர்தான், அவர் எடுத்ததெல்லாம் அவள் ஊதலை.

அதன் பிறகு அந்தக் கேசட்டைக் கூடத்தில் போட முடியவில்லை. பட்டனை அமுக்கியவர் இல்லையே, கதையை யார் சொல்வது? வாராவாரம் இதையே பேசினார்கள். அப்போது நீதான் வழி கண்டுபிடித்தாய். டேப்பின் தொடக்கத்தில் அண்ணனே பேசுகிறார், அதையே கதையாக எடுத்துக்கொள்ளலாம், சட்டமும் மீறாது என்றாய். அந்த இரைச்சலைப் போக்கிவிட்டால் போதும் என்றாய்.

"ஒரு வாரம் குடுங்கக்கா. எல்லா அழுக்கையும் கழுவி, அண்ணன் குரல எதிர்ல உக்காந்து பேசற மாதிரி எடுத்துட்டு வந்துடறேன்."

"டேப்பு படி தாண்டக் கூடாது ஜெசி" என்றார் பெனடிக்ட்.

"என் டேப்பு, என் புருஷன், என் படி" என்று அவள் பாய்ந்தாள். "ஊர்ல உள்ளவன் எல்லாம் என்ன ஏமாத்தப் பாத்து தோத்துப் போனவன். இது நம்ம தம்பி. நீங்க வாய மூடிக்கிட்டு டீயக் குடிங்க அண்ணே."

ஏலக் கூடத்தில் ஆணி கழன்ற ஃபேனைக்கூடச் சுற்றிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குகிறவள், உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேசட்டை அருமைநாயகத்தின் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் போய், ஒரு மாசம் போய், உன் மாடி அறை காலியாகி, கடைசியில் கூரியரில் வந்தது. புது உறை, அச்சடித்த சீட்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, அருமைநாயகத்துக்கு ஒரு நாற்காலியும் போட்டு, ஓடவிட்டாள். ஒன்றுமில்லை. திருப்பிப் போட்டாள். ஒன்றுமில்லை. மழை இரைச்சல்கூட இல்லை, அவ்வளவு சுத்தம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெசிந்தா எழுந்தாள், ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எடுத்தாள், அது டிரம்பெட்டாக இருந்தது, மூச்சு முழுக்க வைத்து ஊதினாள்.

அதிலிருந்து நிசப்தம் வந்தது.

சத்தம் வராமல் போகவில்லை, நிசப்தம் வந்தது. ஃபேன் சுற்றியது, சத்தமில்லை. பெனடிக்ட் வாயைத் திறந்து என்னவோ சொன்னார், உதடு மட்டும் அசைந்தது. வெளியே கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக, மீன் தொட்டிக்குள் போவது போலப் போனது. டம்ளர்கள் குலுங்கின, ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு தீர்ந்து அவள் வாத்தியத்தை இறக்கியதும், பாதி ரயில் மறுபடியும் சத்தத்தோடு தொடர்ந்தது.

"ரிப்பேர் போல" என்றார் காதர் பாய். அதைத் தவிர என்ன சொல்வார்.

கேரேஜ் லைன் இதற்காகக் கன்னத்தில் கைவைத்து உட்காரவில்லை. தண்ணீர் லாரி வராததும், கரண்ட் போவதும், ஜெசிந்தா ஊதினால் தெருமுனை வரை சத்தம் நின்றுபோவதும் அவர்களுக்கு ஒரே வரிசையில் வருகிற சங்கதிகள். முதலில் வந்தவள் எதிர்வீட்டுத் தனலட்சுமி, ரயில் ஹாரனுக்குத் தூக்கிவாரிப்போடும் கைக்குழந்தையோடு. அப்புறம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள், தலைவலிக்காரர்கள் வந்தார்கள், வாய்ச்சண்டை முற்றிய மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்து, நாங்கள் இரண்டு பேரும் ஆசைதீரத் திட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குக் கேட்கக் கூடாது என்று கேட்டு, அவள் ஊத ஊதக் கைநீட்டித் திட்டித் தீர்த்துவிட்டு, வேர்த்துப்போய், ஒன்றாக நடந்து வீட்டுக்குப் போனார்கள். பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் ஒரு மூச்சு ஊத முடியுமா என்று பங்குச் சாமியார் கேட்டனுப்பினார். ஆடி மாசம் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறவர்களே, கூழ் ஊற்றும் நேரத்தில் எங்கள் காதுக்கும் ஓய்வு வேண்டும் என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர், எதிர்க்கட்சி ஜீப் வரும்போது மட்டும் ஊதும்படி கேட்டார்.

"ஊதறேன். மொதல்ல உன் ஜீப்புக்கு ஊதிக் காட்றேன், சரியா இருக்கான்னு பாரு" என்றாள். அவர் அப்புறம் அந்தத் தெருவுக்குள் வரவில்லை.

சும்மா ஊதுகிறவளா அவள்? கூலி வைத்தாள். அருமைநாயகம் உன்னிடம் எப்போதாவது சொன்ன ஒரு வார்த்தையைக் கொடு, அதற்கு ஒரு மூச்சு ஊதுகிறேன் என்று வருகிறவர்களிடம் சொன்னாள். பால்காரர், "'தண்ணியில கொஞ்சம் பாலும் ஊத்துப்பா'ன்னாருக்கா" என்றார். அவள் சிரித்து, கண்ணைத் துடைத்து, ஊதினாள். பொய் சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து நாளைக்கு வாருங்கள் என்று அண்ணன் சொன்னதாக ஒருத்தர் சொல்ல, "அவர் வாயில தயவுசெய்து வந்ததே கிடையாது. இது போலி, வேற கொண்டா" என்று திருப்பி அனுப்பினாள்.

வார்த்தைகள் குவிந்தன. குரல் வரவில்லை. சொல்கிறவர்கள் எல்லோரும் அவரைப் போலவே சொல்லிக் காட்டினார்கள், அவரைப் போலவே இருமிக் காட்டினார்கள், ஒவ்வொரு இருமலும் உண்மையான இருமலை இன்னும் ஒரு அடி பின்னால் தள்ளிவிட்டுப் போனது. ஒருநாள் அரிசி களையும்போது, அவர் ஜெசி என்று எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தாள். வந்தது காதர் பாய் செய்து காட்டிய குரல். அன்றைக்கு உலை வைக்கவில்லை.

அந்த வாரம்தான் தனலட்சுமி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, இத கேளுங்க. யாரோ உங்கள மாதிரியே ஊதறாங்க, ஊரெல்லாம் இதான் ஓடுது."

தாழ்ந்து, நடந்து, திண்டாடி, எங்கே போவதென்று தெரியாமல் நின்று, ஒரே தாவல். ஜெசிந்தாவின் ஊதல். அதன் மேல் உன் முகம், அதன் கீழ் உன் பேர், டிரம்பெட்டும் நீயே ஊதியதாக. குக்கர் இல்லை. அவர் குரல் இல்லை, இருமல் இல்லை, சிரிப்பில்லை. அழுக்கு எல்லாவற்றையும் கழுவியிருந்தாய், சொன்ன சொல் தவறாதவன். கேள்வியைக் கழுவித் தள்ளிவிட்டு, பதிலை மட்டும் எடுத்து விற்றிருந்தாய். அந்தத் தாவல் காரணமில்லாமல் வருவதுதான் அதன் மகிமை என்று யாரோ எழுதியிருந்ததையும் தனலட்சுமி படித்துக் காட்டினாள்.

"காரணம் துவரம்பருப்பு" என்றாள் ஜெசிந்தா.

உனக்கு வெட்கம் இருந்திருந்தால் அத்தோடு ஒளிந்திருப்பாய். நீ கார் அனுப்பினாய். பெரிய ஹோட்டலில் உன் கச்சேரி, முதல் வரிசையில் பழைய சிநேகிதர்களுக்கு இடம். பெனடிக்ட் பழைய கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டார், காதர் பாய் அத்தர் தடவிக்கொண்டார், ஜெசிந்தா டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த இடம் வந்ததும் நீ மைக்கைப் பிடித்துக் கதை சொன்னாய். பட்டனை அமுக்காத நீ.

"விடியற்காலை. கடற்கரை. நான் மட்டும் தனியா நிக்கிறேன். அலை ஒரு நிமிஷம் அடங்குது. அப்பதான் அந்தக் கூவல் எனக்குள்ள வந்துச்சு."

"குக்கர் எப்பய்யா கடலாச்சு?" என்றார் பெனடிக்ட், கொஞ்சம் சத்தமாகவே.

ஜெசிந்தா எழுந்து நின்று ஊதினாள். விளக்குகள் எரிந்தன, நிசப்தம் மேடைமேல் ஏறியது. உன் ஆட்கள் கிட்டார் கம்பியைத் தட்டினார்கள், டிரம்ஸ் தோலை அடித்தார்கள், ஒன்றும் இல்லை. நீ வாயைத் திறந்து திறந்து மூடினாய். அத்தனை பெரிய கூடத்தில், ஈ பறந்தால்கூடக் கேட்காத அந்த நிசப்தத்தில், அவளுக்கு மட்டும் ஒன்று கேட்டது. மேடையிலிருந்து, உன் சட்டைப் பைக்குள்ளிருந்து, ஒரு இருமல். "சிவப்பு லைட்டு எரியுது ஜெசி." மழைக்கு அந்தப் பக்கமிருந்து இல்லை, எதிரில் உட்கார்ந்து பேசுவது போல. காதர் பாய் செய்து காட்டிய குரல் இல்லை. அவர் குரல். "குக்கர நான் பாத்துக்கறேன்." அப்புறம் விசில்.

அவள் வாத்தியத்தை இறக்கினாள். சத்தம் திரும்பியது, திரும்பிய சத்தம் கைதட்டலாக இருந்தது. நீ என்ன ஆள்! ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டு, அவள் பக்கம் கையைக் காட்டி, "எங்க ஜெசிந்தாக்கா. இந்த அமைதி நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச ஏற்பாடு" என்றாய். எழுந்து நின்று தட்டினார்கள். இருந்த ஊதலை எடுத்துக்கொண்டாய், அது போன இடத்தில் மிஞ்சிய வெறுமையையும் எடுத்துக்கொண்டாய். மூன்று பேரும் காரில் திரும்பினார்கள். பாலம் ஏறும்போது காதர் பாய், "அவன் பையில ஏதோ கேட்டுச்சா உனக்கு?" என்றார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா பாய்?"

"எனக்குக் கேக்கல. உன் மூஞ்சில தெரிஞ்சுது, கண்ணு அவன் பையிலயே நின்னுச்சு."

இப்போது கேரேஜ் லைனுக்குச் சேதி வருகிறது. உன் கச்சேரிகளில் நடுநடுவே எங்கிருந்தோ குக்கர் விசில் அடிக்கிறதாம். மைக்கை மாற்றினாயாம், சட்டையை மாற்றினாயாம், தையல்காரரிடம் சொல்லிப் பையே வைக்காத சட்டை தைத்துப் போட்டுப் பார்த்தாயாம். போகாது. கழுவின அழுக்கு கழுவினவன் மேல்தானே ஒட்டும்.

ஜெசிந்தா பேரத்தை முடித்துவிட்டாள், அவள் சார்பில் உனக்குச் சொல்லப்படுகிற கடைசி வார்த்தை இதுதான். ஊதலை வைத்துக்கொள். பேரை வைத்துக்கொள், கைதட்டலை வைத்துக்கொள், கடற்கரையும் உனக்கே இருக்கட்டும். எதெல்லாம் வேண்டாமென்று துடைத்துத் தள்ளினாயோ, அது அவளுக்கு வேண்டும். இருமல், சிரிப்பு, அடுப்பை அணைக்கிற சத்தம், ஜெசி என்ற அந்த ஒரு கூப்பிடல், ஒரு பொட்டு குறையாமல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் இருப்பார்கள். டேப் ரெக்கார்டரில் புதுக் கேசட் போட்டிருக்கும், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். நீ வர வேண்டும், சட்டையைக் கழற்றி அந்த நாற்காலியில் போட வேண்டும், உன் விரலாலேயே பட்டனை அமுக்க வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் பதிவாகித் தீரும் வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்புறம் சட்டம் தெரியுமில்லையா உனக்கு? பட்டனை அமுக்கியவன்தான் கதையைச் சொல்ல வேண்டும். பெனடிக்ட் இருப்பார், காதர் பாய் இருப்பார், எதிர்வீட்டுத் தனலட்சுமியும் பிள்ளையோடு வந்து உட்காருவாள். அவர்கள் முகத்தைப் பார்த்து, அந்தக் கேசட் படி தாண்டியதிலிருந்து நடந்தது அத்தனையும் நீ சொல்லு, கடலில்லாமல் சொல்லு.

வா. சாப்பிடாமலே வா, சோறு இங்கே இருக்கிறது. குக்கரை அவர் பார்த்துக்கொள்வார்.